ஆளுநரின் ஆணைப்படி... ஆனால் கோப்பு யார் மேசையில்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, கவர்னருக்கே எழுதிப் போட்டுட்டேன். ரெஜிஸ்டர் தபால். அட்டையும் திரும்பி வந்துருச்சு. இனிமே எவன் தப்பிக்கிறான்னு பாக்குறேன்."

விஷயம் இதுதான். எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தின் ஒரு பக்கக் கட்டைச் சுவர் மழையில் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற பாதை. அவன் கோபம் நியாயம்தான், முகவரிதான் தப்பு.

நாலு மாதம் கழித்து அவனுக்கு ஒரு கடித நகல் வந்தது. வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினான். ஆளுநர் அலுவலகத்திலிருந்து கோட்டைக்கு, கோட்டையிலிருந்து இயக்குநருக்கு, இயக்குநரிடமிருந்து ஆட்சியருக்கு, ஆட்சியரகத்திலிருந்து ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே வரி: "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது." யார் மீதும் குற்றமில்லை. வந்த தபாலை ஒழுங்காகக் கீழே அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றிய அலுவலகம் தம்பி வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். அவன் மனு சென்னையைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

நான் தட்டச்சராகச் சேர்ந்து, பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவள். தலைமைச் செயலகத்தை நாங்கள் 'கோட்டை' என்றுதான் சொல்வோம். முப்பத்து நாலு வருஷம் அங்கே கோப்பு நகர்த்திய எனக்கு, சொந்தத் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றாமல் போனது வெட்கமாக இருந்தது. அன்று போனில் அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெயர் ஒருவருடையது, கை இன்னொருவருடையது

மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது என்று அரசமைப்பின் 154-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பலரும் அவருக்கு மனு எழுதுகிறார்கள். 163 முதல் 167 வரை சேர்த்துப் படித்தால் படம் மாறிவிடும். ஆளுநருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் முதலமைச்சர் தலைமையில் ஓர் அமைச்சரவை. முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார், மற்ற அமைச்சர்களை முதலமைச்சர் சொல்படி நியமிக்கிறார். அந்த அமைச்சரவை கூட்டாகப் பதில் சொல்ல வேண்டியது சட்டமன்றத்துக்கு. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்ணிக்கை சட்டமன்றத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நமக்கு 234 இடங்கள் என்பதால் 35 பேர்.

ஆனாலும் காகிதத்தில் எல்லாமே ஆளுநர் பெயரில்தான். 166-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஒப்பந்தங்களுக்கு 299. வீடு கட்ட நான் அரசு முன்பணம் வாங்கியபோது அடமானப் பத்திரத்தில் எதிர்த் தரப்பு 'தமிழ்நாடு ஆளுநர்'. அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட என் மாமியார், "கவர்னரா உனக்குக் கடன் குடுத்தாரு?" என்று வாய் பிளந்தார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லியும் விட்டார்.

ஆளுநர் இந்த ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவரா என்ற கேள்விக்கு 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: அரசமைப்பு விலக்கு தந்த சில இடங்களைத் தவிர, கட்டுப்பட்டவர். நம் ஊர் உதாரணம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த பேரறிவாளன். 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்து, 2021-இல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தானே விடுவித்தது. அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது.

விலக்கான இடங்கள் எவை? யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரை அழைப்பது, குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்புவது, மசோதாவை அவருக்காக ஒதுக்கி வைப்பது. மசோதா விஷயத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் தந்தது. தொலைக்காட்சி விவாதத்துக்கு இதெல்லாம் நல்ல தீனி. உங்கள் வாய்க்கால் பாலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அரசாணையைக் கீழிருந்து மேலே படியுங்கள்

அரசு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் தேட வேண்டாம். அரசின் இணையதளத்திலிருந்து உங்களுக்குத் தொடர்புள்ள ஓர் அரசாணையை இறக்கி, அச்செடுத்து, கையில் பென்சிலோடு உட்காருங்கள். பெரும்பாலோர் மேலே 'சுருக்கம்' படித்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தலைகீழ்.

கடைசியில், '/ஆணைப்படி அனுப்பப்படுகிறது/' என்ற வரிக்குக் கீழே சின்னதாக ஒரு கையெழுத்து இருக்கும், பிரிவு அலுவலருடையது. அந்தக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் பிரிவின் தலைவர் அவர். அதற்கு மேலே 'பெறுநர்', 'நகல்' பட்டியல். இதை அவசரப்படாமல் படிக்க வேண்டும். ஆணையை நிறைவேற்ற வேண்டியவர் பெறுநரில் முதலில் இருப்பார். தகவலுக்காக மட்டும் வாங்குபவர்கள் நகலில் இருப்பார்கள். நகலில் இருப்பவரிடம் போய் "ஏன் செய்யவில்லை" என்று சண்டை போடுவது வீண்.

அதற்கும் மேலே அடைப்புக்குறிக்குள் '(ஆளுநரின் ஆணைப்படி)', அதன் கீழே செயலாளர் பெயர். பெயருக்குக் கீழே 'அரசுச் செயலாளர்' என்றோ 'அரசு முதன்மைச் செயலாளர்' என்றோ 'அரசு கூடுதல் தலைமைச் செயலாளர்' என்றோ இருக்கும். அது அந்த அதிகாரியின் பணி மூப்பைக் காட்டுகிறது, துறையின் பெருமையை அல்ல. இன்று கூடுதல் தலைமைச் செயலாளர் உட்கார்ந்த நாற்காலியில் நாளை செயலாளர் உட்காரலாம்.

சேர்ந்த புதிதில், ஒரு வரைவாணையைத் தட்டச்சு செய்யும்போது அந்த அடைப்புக்குறி வரியை விட்டுவிட்டேன். பிரிவு அலுவலர் கத்தவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "இந்த ஒரு வரி இல்லேன்னா இது அரசாணை இல்லம்மா, நீ எழுதின லெட்டர்" என்றார். மூன்று கார்பனோடு மறுபடியும் முழுதாக அடித்தேன்.

ஆணையின் கடைசிப் பத்திகளில் 'நிதித்துறையின் அ.சா. எண்... இசைவுடன்' என்று வந்தால் உட்கார்ந்து கவனியுங்கள். அ.சா. என்பது துறைக்கும் துறைக்கும் இடையே போகும் அலுவல் சாரா குறிப்பு. பணச் செலவு உள்ள எதற்கும் நிதித்துறை சம்மதிக்க வேண்டும். அமைச்சர் மேடையில் அறிவித்தது வராமல் இழுக்கிறதென்றால், பாதி நேரம் கோப்பு இங்கேதான் நிற்கும்.

எண்ணையும் பாருங்கள். 'அரசாணை (நிலை)' என்றால் கொள்கை சார்ந்தது, நிலைத்து நிற்பது. 'வாலாயம்' அன்றாட விஷயம். 'டி' பெரும்பாலும் தனிப்பட்ட ஒருவரையோ குறிப்பிட்ட ஒரு விஷயத்தையோ பற்றியது. உங்கள் ஊருக்கு ஒரு திட்டம் வரவேண்டும் என்று கேட்கும் மனுவில் பொருத்தமான (நிலை) ஆணையின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டால், படிக்கிற உதவிப் பிரிவு அலுவலர் நிமிர்ந்து உட்காருவார். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

துறை என்பது ஒன்றல்ல, மூன்று

'கல்வித்துறை' என்று ஒரு வார்த்தையில் சொல்கிறோம். உண்மையில் மூன்று அடுக்கு.

கோட்டைக்குள்ளும் அதை ஒட்டிய நாமக்கல் கவிஞர் மாளிகையின் பத்து மாடிகளிலும் இருப்பது செயலகத் துறை. சுமார் 40 துறைகள். விதி, கொள்கை, பணம், மேல்முறையீடு இவர்கள் வேலை. கோப்பு கீழிருந்து ஏறும்: உதவிப் பிரிவு அலுவலர், பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் அல்லது இணைச் செயலாளர், பிறகு செயலாளர். தேவைப்பட்டால் அமைச்சர், முதலமைச்சர். எந்த வகைக் கோப்பு யார் வரை போக வேண்டும் என்பதை அலுவல் விதிகள் சொல்கின்றன. 166-ஆவது பிரிவின்கீழ் ஆளுநர் பெயரில் போடப்பட்ட விதிகள் அவை. எந்தப் பொருள் எந்தத் துறைக்கு என்று பிரித்துக் கொடுப்பதும் அவையே. 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத்தைத் தனித் துறையாகப் பிரித்தார்கள். எங்கள் ஊரில் இன்னும் 'பி.டபிள்யூ.டி. வாய்க்கால்' என்றுதான் சொல்கிறார்கள், மனுவிலும் அப்படியே எழுதுகிறார்கள். தப்பான துறைக்குப் போன மனு திரும்பி வர ஒரு மாதம்.

இரண்டாவது அடுக்கு துறைத் தலைமை: இயக்குநர், ஆணையர், தலைமைப் பொறியாளர். இவர்கள் கோட்டையில் இல்லை. வருவாய் நிர்வாக ஆணையர் சேப்பாக்கம் எழிலகத்தில், ஊரக வளர்ச்சி இயக்குநர் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில், பள்ளிக்கல்வி நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில். ஆள் போடுவது, மாற்றுவது, பணத்தை மாவட்டங்களுக்குப் பிரிப்பது இங்கே.

மூன்றாவது அடுக்கு மாவட்டம். நூற்றுக்குத் தொண்ணூறு விஷயம் இங்கேயே முடியக்கூடியது. முடியாததை மட்டும் மேலே கொண்டு போங்கள்.

இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். தமிழிலேயே கிடைக்கும். நிர்வாக அமைப்பைச் சொல்லும் பக்கங்கள் பெரும்பாலும் முன்பகுதியிலேயே இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தவிர யாரும் தொடுவதில்லை.

வாரியம், கழகம் என்ற பெயரில் இருப்பவை தனி. குடிநீர் வடிகால் வாரியம் ஆலோசனைக் குழு அல்ல. வேலை செய்யும் அமைப்பு, தனிச் சட்டம், தனிக் கணக்கு. பெயரை நம்பி ஏமாறாதீர்கள்.

'ஆலோசனை'க்கு மூன்று எடை

குழுக்கள் பக்கம் வந்தால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் 'ஆலோசனை' என்ற ஒரே சொல். அதன் எடை இடத்துக்கு இடம் வேறு. ஒரு குழுவைப் பற்றிச் செய்தி படித்தால் நான் கேட்பது இரண்டே கேள்வி: இதைக் கேட்டே ஆக வேண்டுமா? கேட்டால் ஏற்றே ஆக வேண்டுமா?

இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடியது அமைச்சரவை. அதற்குச் செயலாளர், தலைமைச் செயலாளர்.

முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்பவை சில. தேர்வாணையம் நல்ல உதாரணம். பணி நியமன முறைகளில் அதைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது 320-ஆவது பிரிவு. அது சொன்னதை அரசு ஏற்காமல் விடலாம். ஆனால் ஏன் ஏற்கவில்லை என்ற விளக்கத்தை ஆண்டறிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆளுநர் அமைக்கும் மாநில நிதி ஆணையமும் இப்படித்தான். உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பங்கு என்று அது பரிந்துரைக்கும், அரசு என்ன செய்தது என்ற குறிப்போடு அறிக்கை அவைக்குப் போகும். உங்கள் ஊராட்சிக்குப் பணம் வருவதும் வராததும் இதில் இருக்கிறது, ஆனால் தேநீர்க் கடையில் இதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

பழங்குடியினர் ஆலோசனை மன்றம் எனக்கு எப்போதும் யோசிக்க வைப்பது. அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அதில் 20 பேர் வரை இருக்கலாம். கூடுமானவரை நாலில் மூன்று பங்கு பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் பட்டியல் பகுதி (அந்த அட்டவணையின் தனி நிர்வாக விதிகள் பொருந்தும் பழங்குடிப் பகுதி) என்று அறிவிக்கப்பட்ட இடமே கிடையாது, ஆனாலும் மன்றம் உண்டு. பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். நாலில் மூன்று பங்குக்கு எங்கே போவது? மிச்ச இடங்களை மற்றப் பழங்குடியினரைக் கொண்டு நிரப்ப அட்டவணையே வழி விட்டிருக்கிறது. கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ நீங்கள் இருந்தால், உங்கள் கோரிக்கையின் ஒரு நகல் இந்த மன்றத்துக்கும் போகட்டும்.

இரண்டுக்கும் 'இல்லை' என்பவைதான் பத்திரிகையில் அதிகம் அடிபடும். 2021-இல் முதலமைச்சருக்காக அமைத்த பொருளாதார ஆலோசனைக் குழுவில் ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, அரவிந்த் சுப்பிரமணியன், ஜான் டிரீஸ், எஸ். நாராயண் இருந்தார்கள். பெரிய பெயர்கள். ஆனால் சட்டப்படி அந்தக் குழு எதையும் உத்தரவிட முடியாது. மாநிலத் திட்டக் குழுவும் இந்த வகைதான். 1971-இல் தொடங்கியது, தலைவர் முதலமைச்சர், 2020-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று பெயர் மாறியது. ஆய்வு செய்யும், அறிக்கை தரும். இவர்களிடம் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு திட்டம் ஏன் பலன் தரவில்லை என்று புள்ளிவிவரத்தோடு எழுதினால் படிப்பார்கள்.

ஆலோசனையைக் கேட்காத ஆளுநருக்கு என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கோட்டையிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1776-இல் மதராஸ் ஆளுநர் பிகட் பிரபு தஞ்சாவூர் விவகாரத்தில் தன் கவுன்சிலோடு மோதினார். பெரும்பான்மை உறுப்பினர்கள் சேர்ந்து அவரையே கைது செய்துவிட்டார்கள். மறு வருஷம் காவலிலேயே இறந்துபோனார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணான நான், மதியச் சோற்றுக்குப் பிறகு அந்த மதிலோரம் நடக்கும்போது சில நாள் அவரை நினைத்துக்கொள்வேன்.

இனி மனு எழுதலாம்

முதலில் பொருள் யாருடையது என்று பாருங்கள். தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ரோடு யாருதுடா?" அவனுக்குத் தெரியவில்லை. மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஒன்றியச் சாலை என்றால் ஊரக வளர்ச்சி. விசாரித்ததில் ஒன்றியச் சாலை. அப்படியானால் வட்டார வளர்ச்சி அலுவலர். அதிலும் இருவர் உண்டு: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. ஒன்றியச் சாலைக்கு முதலாமவர்.

ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும். ஒரே தாள். 'பெறுநர்' ஒருவர், நகல் ஒருவருக்கு. பத்துப் பேருக்கு நகல் போட்டால், 'மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள்' என்று பத்துப் பேரும் நினைப்பார்கள். நேரில் கொடுத்து உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியரகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ரசீது கிடைக்கும்.

பதில் வந்தால் மேலே இருக்கும் எண்ணை விடாதீர்கள். 'ந.க.அ3/.../2022' என்பது போல இருக்கும். அந்த 'அ3' ஓர் இருக்கை. ஆள் மாறினாலும் இருக்கை மாறாது. செயலகக் கடிதத்தில் துறைச் சுருக்கம், பிரிவு எண், அடைப்புக்குள் இருக்கை எண் வரும். மின்னணுக் கோப்பு வந்த பிறகு எண்ணின் வடிவம் மாறியிருக்கிறது, ஆனாலும் பிரிவு எது என்று கேட்டால் சொல்வார்கள். "என் மனு என்ன ஆச்சு" என்று கேட்டால் யாரும் தேடமாட்டார்கள். "அ3-இல் இந்த எண்" என்று கேட்டால் கோப்பை எடுத்தே ஆக வேண்டும்.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன்" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடலாம். "என் மனு மீது எழுதப்பட்ட குறிப்புக் கோப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாள். தராவிட்டால் அதே அலுவலகத்து மேல்முறையீட்டு அலுவலர், அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம். அமைச்சரவைக் குறிப்புகளை, முடிவெடுத்து விஷயம் முடியும்வரை தரமாட்டார்கள்; நமக்கு அது தேவையும் இல்லை.

தம்பி இரண்டாவது மனுவை இப்படித்தான் எழுதினான். பதினோரு வரி. ஏழு வாரத்தில் ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்து போனார். கட்டைச் சுவர் அடுத்த கோடைக்குள் எழும்பிவிட்டது. பிறகு ஒரு நாள் போன். "அக்கா, செவுரு வந்துருச்சு. ஆனா பாலத்தோட ஒட்டுன மதகுப் பலகை உடைஞ்சு கெடக்கே, அதுவும் இவங்களுதுதானே?"

இல்லை, மதகு நீர்வளத் துறை. அவன் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, அங்க அ3 யாருன்னு கேளு" என்றான்.